சேலத்திலிருந்து சேலத்துக்கு

விசா மையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். பேனா முனையால் இரண்டு கட்டங்களைத் தட்டிக் காட்டினார். பிறந்த ஊர்: சேலம். போய்த் தங்கும் ஊர்: சேலம்.

"ஏம்மா, தங்கற இடத்துல ஜெர்மனி அட்ரஸ் போடணும். நீ சொந்த ஊரையே போட்டிருக்க."

"அங்கயும் சேலம்தாங்க சார்."

அவர் நம்பவில்லை. அழைப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, சேலத்துல இருந்து சேலத்துக்குப் போக இந்தப் பொண்ணு மெட்ராஸ் வந்து விசா கேக்குது." இருவரும் சிரித்தார்கள். ராத்திரி முழுக்க ஏற்காடு எக்ஸ்பிரஸில் உட்கார்ந்தே வந்த அலுப்பில் இருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ரயிலும் இதே ரகம்தான். பெயர் ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஓடுவது ஈரோட்டுக்கும் சென்னைக்கும் நடுவே. ஏற்காட்டை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்புகிறேன். மூன்று வாரம். எங்கள் கல்லூரியில் இருந்து ஆறு பேர். ஆளுக்கொரு குடும்பத்தோடு தங்கி, அங்கிருக்கும் மாணவர்களோடு சேர்ந்து படிப்பது, ஊர் சுற்றுவது, நம் ஊரைப் பற்றி அவர்களுக்குச் சொல்வது என்று ஏற்பாடு. மற்ற ஐந்து பேருக்கும் ஏரிக்கரையில் வேறு வேறு ஊர்கள் அமைந்தன. எனக்குச் சேலம் விழுந்தது. யாரோ வேண்டுமென்றே செய்த குறும்பு என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

ஜெர்மனியின் தென்கோடியில் போடன்ஸே என்று ஒரு பெரிய ஏரி. ஒரு கரை ஸ்விட்சர்லாந்து, ஒரு மூலை ஆஸ்திரியா. அதன் வடகரைக்குச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தச் சேலம். சுமார் 11 ஆயிரம் பேர் வாழும் ஊர். நாங்கள் இருக்கும் குகைப் பகுதியில் நாலு தெருவைக் கூட்டினால் அதைவிட அதிகம் வரும் என்பது அப்பாவின் மதிப்பீடு; 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநகராட்சியில் 8 லட்சத்துக்கு மேல். அங்கேயும் சேலம் என்று பலகை மாட்டிய ரயில் நிலையம் உண்டு. ஆனால் அவர்கள் வாயில் அது சேலம் இல்லை, 'ஸாலெம்'. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவிகள் அங்கே மடம் கட்டியபோது விவிலியத்தில் வரும் சாலேம் என்ற பெயரை வைத்தார்கள். எருசலேமின் பழைய பெயர் அது என்பார்கள். நம் சேலத்துக்கோ சைலம், சேரலம் என்று ஆளுக்கொரு காரணம். ஆக எழுத்தில் ஒன்று, வேரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

அந்த மடத்து அரண்மனையில் 1920இல் கூர்ட் ஹான் என்பவர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காக 1933இல் சிறைக்குப் போய், வெளியே வந்ததும் பிரிட்டனுக்குப் போய்விட்டார். பள்ளி இன்னமும் நடக்கிறது. இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டியபோது யாரும் பெரிதாக அசரவில்லை. ஊருக்கு வெளியே 'குரங்கு மலை' என்று ஒரு காடு இருக்கிறது, அதில் சுமார் 200 குரங்குகள் அவிழ்த்துவிட்ட மாதிரி உலவுகின்றன, டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள் என்றதும்தான் ஆயா நிமிர்ந்தது.

"கொரங்கப் பாக்கக் காசா? ஏற்காட்டு ரோட்ல அதுங்கதான நம்மளப் பாக்க வருது?"

*

இந்தப் பயணத்துக்கான முதல் வேலை என் பெயரை உடைப்பதாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயரும் பக்கத்தில் ஒரு இனிஷியலும். இருபது வருஷமாக அந்த ஒற்றை எழுத்து எனக்குப் போதுமாக இருந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அது போதாது. குடும்பப் பெயர் என்று தனியாக ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சாதிப் பெயரைப் பின்னால் போடும் வழக்கத்தை நம் தாத்தா காலத்திலேயே உதறிவிட்டோம். அது பெருமைதான், ஆனால் படிவங்களுக்கு அந்தப் பெருமை புரியாது.

கட்டத்தைக் காலியாக விடலாம், விதி தடுக்கவில்லை. விட்டவர்கள் பாடு வேறு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் பையைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்! அமெரிக்க விசாவில் முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'எஃப்என்யூ' என்று அடித்துத் தருவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த ஒரே பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விட, ஆளுக்குப் பெயரே இல்லை என்றாகிவிடும்.

அதனால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன். 1500 ரூபாய் கட்டணம், போலீஸ் விசாரணை, எல்லாம் ஒழுங்காக முடிந்து பாஸ்போர்ட் வந்தது. ஜெர்மனியில் இருந்து முதல் தபாலும் வந்தது. உறையின் மேல் 'ஃப்ராவ்', அதற்குப் பின்னால் அப்பா பெயர். ஃப்ராவ் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். திருமதி, செல்வி இரண்டுக்கும் அதே சொல்தான் என்றேன்.

"அப்ப இது எனக்கு வந்த லெட்டருடி" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

சொல்லப்போனால் அவள் சொன்னதுதான் சரி. அப்பா பெயரோடு சேர்த்து இந்தத் தெருவில் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் அது அவளைத்தான்.

அடுத்து வந்தது தங்கும் வீட்டாருக்கான கேள்வித்தாள். சைவமா, முழுத் தாவர உணவா, ஹலாலா, கட்டுப்பாடு எதுவும் இல்லையா? நாலு கட்டம். நான் ஆட்டுக்கறி சாப்பிடுவேன். செவ்வாய், வெள்ளியில் கவிச்சி தொடமாட்டோம். புரட்டாசி சனியில் இல்லை. ஆடியில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வீட்டுக்குள் முட்டைகூட வராது. இதற்கு எந்தக் கட்டம்? 'சைவம்' என்று போட்டால் பொய், 'கட்டுப்பாடு இல்லை' என்று போட்டால் அதைவிடப் பெரிய பொய். கடைசியில் சைவத்தில் டிக் அடித்துவிட்டுக் கீழே, 'சில நாட்களில் மட்டும் அசைவம் உண்டு, நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினேன். வந்த பதிலில் ஒரு ஆச்சரியக்குறி இருந்தது.

தனியறை தந்தால் சம்மதமா என்றும் ஒரு கேள்வி. சம்மதம் என்று பெருமையாகப் போட்டேன். தனியறையில் நான் இதுவரை ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை என்பது ஆயாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

*

போன மாதம் எங்களை இரண்டு நாள் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பயணத்துக்கு முந்தைய பயிற்சி. 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் ஆறு பேரில் இரண்டு பேர் வாந்தி. இவர்களா கண்டம் தாண்டப் போகிறார்கள் என்று டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

முதல் நாள் காலை வகுப்பு கலாச்சார அதிர்ச்சி பற்றி. கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960இல் எழுதியதை வைத்து நாலு கட்டம் வரைந்தார்கள். முதலில் தேனிலவு, எல்லாம் அழகாகத் தெரியும். பிறகு நெருக்கடி, எல்லாம் எரிச்சல். பிறகு தேறுதல், அப்புறம் பழகிப்போதல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு எழுதியது அது. மூன்று வாரத்தில் எங்களுக்குத் தேனிலவே முடியாது. திரும்பி வந்து ஊரெல்லாம் ஜெர்மனி புராணம் பாடி, நம் ஊரைக் குறைசொல்லித் திரிவோமே, அந்த நோய்க்கு மருந்து அந்தப் படத்தில் இல்லை.

மத்தியானம் சீட்டாட்டம். நிஜமாகவே சீட்டுக்கட்டு. மேசைக்கு நாலு பேர். நாங்கள் ஆறு பேர் போதாது என்று வேறு துறை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மேசைக்கும் விதிகள் எழுதிய ஒரு தாள். ஐந்து நிமிஷம் படித்து, ஆடிப் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன்பின் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எழுதிக் காட்டக் கூடாது. ஜெயித்தவர் அடுத்த மேசைக்குப் போக வேண்டும், தோற்றவர் இன்னொரு மேசைக்கு.

நான் ஜெயித்து இரண்டாவது மேசைக்குப் போனேன். கையில் இஸ்பேட் ஏஸ் இருந்தது. ஏஸ்தானே எல்லாவற்றுக்கும் பெரியது? போட்டேன், நாலு சீட்டையும் அள்ளக் கை நீட்டினேன். எதிரில் இருந்த அக்கா என் கையைத் தட்டிவிட்டு, வெறும் ஒன்பதைப் போட்டிருந்தவளிடம் சீட்டுகளைத் தள்ளினாள். நான் மறுபடி கையை நீட்டினேன். அவள் கண்ணை உருட்டினாள். 'இப்படி வெட்கமில்லாமல் ஏமாற்றுகிறாளே' என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. அவளுக்கும் அதே நினைப்புதான் என்று பிறகு தெரிந்தது. அவள் மேசைத் தாளில் ஏஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. இன்னொரு மேசையில் துருப்பே வேறு. எல்லோருக்கும் ஒரே விதி என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அப்படி யாரும் சொல்லவே இல்லை.

ஆட்டத்தின் பெயர் பார்ங்கா. லைபீரியாவில் ஒரு ஊர்ப் பெயரில் இருந்து வந்தது. 1980இல் அங்கே இருந்தபோது இதை உருவாக்கியவர் சிவசைலம் தியாகராஜன். பெயரைக் கேட்டதும் அறையே திரும்பிப் பார்த்தது. உலகம் முழுக்க வெளிநாடு போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டம் நம்மூர்ப் பெயர்க்காரர் ஒருவருடையது. எனக்கு அது வியப்பாக இல்லை. தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர்களுக்கு இது தெரியாதா? எங்கள் வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். கிச்சிப்பாளையத்து அத்தை வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்குவார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதில் சண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் பத்து நிமிஷ தூரம்.

மறுநாள் காலை பகோடா பாயிண்டில் பனி விலகக் காத்திருந்தபோது, என் கையைத் தட்டிவிட்ட அந்த அக்காவே காபி வாங்கிக் கொடுத்தாள். ஏற்காட்டுக் காபி. 1820இல் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட செடியின் வம்சம். அதில் கால் கிலோ தூள் இப்போது என் பெட்டிக்குள் இருக்கிறது.

*

பெட்டி என்றதும் அம்மாவின் கோபம் ஞாபகம் வருகிறது. வெளியில் இருந்து வருகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெய் அவுட். பால்கோவா அவுட். "நெய்யில்லாம என்னடி பருப்புப்பொடி?" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள். சீசன் கடைசியில் வந்த நீலம் மாம்பழம் நாலாவது வைத்துவிடலாம் என்று பார்த்தாள். பழத்துக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் அனுமதிப்பது அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் ஐந்தை மட்டும்தான். தேங்காய் என்றதும் ஆயா குஷியாகிக் கொப்பரையை எடுத்து வந்தது. கொப்பரையை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஆபத்தான பொருள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். "அந்த ஊரு உடுதாம், பிளேனு உடாதாம்" என்று ஆயா இதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டது.

மிஞ்சியது தட்டுவடை, ஊறுகாய், மிளகு, ஜவ்வரிசி. ஜவ்வரிசியில் பாயசம் வைத்துக்கொடுப்பதாகத் திட்டம். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது சேலத்துக்காரர்கள் மரவள்ளியில் செய்து பிடித்துக்கொண்ட தொழில் அது என்று கதையும் தயார். ஜெர்மனியில் உருளைக்கிழங்கு மாவிலேயே ஜவ்வரிசி உருட்டுவார்களாம். போட்டிக்கு ஆள் இருக்கிறது.

பரிசு மட்டும் அப்பா பொறுப்பு. அவர் கொலுசுப் பட்டறைக்காரர், வியாபாரியிடம் வெள்ளி வாங்கிக் கூலிக்குச் செய்கிறவர். வெள்ளி விக்கிற விலையில் சொந்தமாகக் கொஞ்சம் வாங்குவதற்கே யோசிக்க வேண்டும். ஆனாலும் அந்த வீட்டம்மாவுக்குக் கொலுசுதான் என்று தீர்மானித்துவிட்டார். 430 யூரோ மதிப்புவரை வரியில்லை என்று பார்த்துச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா, கால் அளவு கேளு" என்றார்.

முகம் பார்த்தறியாத ஒரு பெண்மணியிடம் உங்கள் கணுக்கால் சுற்றளவு என்ன என்று எப்படிக் கேட்பது? மூன்று நாள் தள்ளிப்போட்டேன். இது எந்த மேசை விதியில் வரும் என்று தெரியவில்லை. கடைசியில் காரணம் சொல்லாமல், ஒரு சின்ன வேலைக்காக வேண்டும் என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில். டேப் சுற்றிய காலின் படம், ஓரத்தில் பூனை வால். 24 சென்டிமீட்டர். கூடவே ஒரு கேள்வி: 'உங்கள் பாட்டி எனக்கு சாக்ஸ் பின்னுகிறாரா?'

அந்த ஊர்ப் பாட்டிகள் சாக்ஸ் பின்னுவார்கள் போல. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஒம்பதரை இஞ்சி. பத்தரையில போட்டு ரெண்டு வளையம் கூட உட்டா சரியா இருக்கும்" என்றார். சலங்கையைக் குறைத்துவிட்டார். ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று அந்த வீட்டு விதித்தாளில் இருந்ததை நான்தான் படித்துக் காட்டியிருந்தேன்.

மற்ற சில்லறை வேலைகளில் சொல்ல அதிகமில்லை. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். இரண்டு முள் போன் சார்ஜர் அப்படியே சேரும், மூன்று முள் லேப்டாப்புக்குத்தான் அடாப்டர். 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்று. விசாவுக்கு 90 யூரோ, மாணவர் படிப்புப் பயணம் என்பதால் அது விலக்கு. சேவைக் கட்டணம் மட்டும். டிக்கெட்டில் பாதியைக் கல்லூரி தருகிறது, மீதிக்கு அம்மா சீட்டை எடுத்தாள்.

பெட்டி 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அப்பாவின் பட்டறைத் தராசு பத்து மில்லிகிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும், ஆனால் பெட்டியை அதன்மேல் வைத்தால் தராசு போய்விடும். நேற்று பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிப்போனோம். 24 கிலோ காட்டியது. கடைக்காரர் தராசின் மேல் அப்பாவுக்கு நம்பிக்கையில்லை, தொழில் புத்தி. இரண்டு பாட்டில் ஊறுகாயை வெளியே எடுத்து, மூன்று முறை எடை போட்டு, 22 கிலோ 900 என்று முடித்தோம்.

*

பெரிய சிக்கல் ஆயா. ஆடி மாசம். குகையில் பூச்சாட்டியாயிற்று. பூச்சாட்டினபின் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது அதன் கட்டளை. எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான், வேறு காரணத்துக்காக. வண்டி வேடிக்கைக்கு நான் இருக்க மாட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது: வண்டிகளை ஜோடித்து, அதன்மேல் ஆட்கள் சிவனாகவும் காளியாகவும் முருகனாகவும் வேஷம் கட்டி அசையாமல் நின்று, தெருவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் ஊர்வலம் வருவார்கள். சின்ன மாமா ஒரு வருஷம் பார்வதியாக நின்றார். மூக்குத்தி விழுந்துவிடும் என்று மூன்று மணி நேரம் தும்மலை அடக்கிய கதையை இன்னும் சொல்வார். அந்த ஊரில் நான் செய்ய வேண்டிய பத்து நிமிஷ அறிமுகத்துக்கு அவர் படத்தைத்தான் எடுத்துப்போகிறேன்.

அம்மா பூசாரியிடம் கேட்டுப் பார்த்தாள். பிளேன் விஷயம் எனக்குத் தெரியாதும்மா என்று நழுவிவிட்டார். இரண்டு நாள் ஆயா என்னோடு பேசவில்லை. இன்று சாயங்காலம் காகிதங்களை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா பத்திரப்படுத்திய அந்த ஃப்ராவ் உறையை ஆயா எடுத்துத் திருப்பிப் பார்த்தது.

"இதுல எங்கிருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கானா?"

"போட்டிருக்கு ஆயா."

"படி."

"சேலம்."

"மறுக்காப் படி."

"சேலம், ஜெர்மனி."

"ஜெர்மனி கெடக்கு. அப்ப சேலத்துல இருந்து சேலத்துக்குத்தான போற? எல்லை எங்க தாண்டுச்சு?" என்றது ஆயா. பிறகு கொஞ்சம் யோசித்து, "அங்க அம்மன் கோயில் உண்டா?" என்றது.

அந்தத் துறவிகள் கட்டும் கோயில்களை எல்லாம் மாதாவுக்கே வைப்பார்கள் என்று படித்திருந்தேன். சர்ச் இருக்கு, மாதா கோயில் என்றேன். "அது போதும்" என்று எழுந்து போய், அம்மன் மஞ்சளும் குங்குமமும் மடித்த பொட்டலத்தைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தது. வேப்பிலையும் ஒரு கொத்து இருந்தது. பச்சிலைக்கும் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி அதை மட்டும் எடுத்துவிட்டேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். தராசின் கண்ணாடிக் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"முப்பத்திரண்டு கிராம், இருநூறு மில்லி" என்றார் உள்ளிருந்தே. "வெய்யி, இடமிருக்கு."